காலிக் கவருக்கு ஒரு தட்டு

கவிதாவுக்காகத்தேன் இத எழுதுறேன். நம்ம கடையில பில் போடுற புள்ள, வேலைக்குச் சேந்து மூணு மாசம் ஆச்சு. நான் வேலைய விட்டு நின்ன அன்னைக்கு, எல்லாரும் கேக்கு தின்னு போட்டோ எடுத்து முடிச்ச பெறகு, பில் மேசையில இருக்குற எவர்சில்வர் தட்டத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு. "அக்கா, இது ஒங்க தட்டாமுல்ல. மறந்துட்டுப் போறீக. பையில வச்சுக்கங்க"ன்னுச்சு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. போற அன்னைக்கும் பாண்டியம்மா ஒருத்திய வஞ்சுட்டுத்தேன் போனான்னு பேரு வேண்டாமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு, "எடுத்த எடத்துல கொண்டு போயி வையி"ன்னேன். புள்ள நகரல. "இல்லக்கா, இப்பத்தேன் கேமரா மாட்டியாச்சே. கடைக்குள்ள யாரும் எதையும் திங்கக் கூடாதுன்னு போர்டு வேற வரப்போகுதாம். பெறகு காலிக் கவர் போடுற தட்டு எதுக்கு?"ன்னு கேட்டுச்சு.

கேட்டதுல தப்பில்ல. ஆனா கேக்கு வாயோட நின்னுக்கிட்டுச் சொல்ற கதையா அது? வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு யோசிச்சுட்டு, எழுதியே குடுத்துருவோம்னு ஒக்காந்துட்டேன். முன்னாடியே சொல்லிர்றேன், இதுல எனக்குப் பெருமையா ஒண்ணும் கெடையாது. பெருமையெல்லாம் நூரம்மாவுக்கும், மலை மேல இருக்குற இன்னொரு அம்மாவுக்கும்தேன்.

சின்னமனூர்ல அந்தக் கடையில நான் சேந்தது தொண்ணூத்தாறுல. அப்ப அது சாதா மளிகைக் கடை. உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருத்தருது, நாங்க பெரியவுகன்னு சொல்லுவோம். சாமான் வாங்க வர்றவுக பலகைக்கு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கேட்டத நிறுத்துக் கட்டிக் குடுக்கணும். பொட்டலம் மடிக்கப் பழகவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அதச் சொல்லிக்கிட்டிருந்தா நான் இன்னைக்கு முடிக்க மாட்டேன்.

பலகையோரமா நாலு மூடை வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். நிலக்கடலை, பொரிகடலை, அவல், மண்டவெல்லம். சாமான் கட்டி வர்ற வரைக்கும் நிக்கிறவுக கை சும்மா இருக்குமா? ரெண்டு கடலை, ஒரு கிள்ளு வெல்லம். அதுக்கும் ஒரு மொறை இருந்துச்சு. விரலால எடுக்கலாம், உள்ளங்கையால அள்ளக் கூடாது. தின்னவுக "நல்லாருக்கு"ன்னோ, "காரலா இருக்கே"ன்னோ ஒரு வார்த்தை சொல்லிரணும். வாயத் தொறக்காம மென்னுக்கிட்டே நிக்கிறவுகள நாங்க ஒரு மாதிரியாப் பாப்போம். முந்திரியத் தானா எடுக்கக் கூடாது, பெரியவுக கையால ஒண்ணு நீட்டுனாத்தேன் உண்டு.

பெரியவுக எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. "பாண்டியம்மா, கை வாய்க்குப் போச்சுன்னா நீ பேசாம இரு. கை மடிக்குப் போச்சுன்னா என்னையக் கூப்புடு." அம்புட்டுத்தேன் சட்டம். ஆறு வருசம் அந்தச் சட்டத்துலயே என் கண்ணு பழகிருச்சு. ஒரு பொம்பளை கை இடுப்புப் பக்கம் போனாப் போதும், நான் கட்டிக்கிட்டிருக்குற பொட்டலத்த விட்டுட்டு நிமிந்துருவேன். பெறகு அதுதேன் எனக்கு வெனையா வந்துச்சு.

ரெண்டாயிரத்து ரெண்டுல பலகையப் பேத்து எடுத்துட்டு ரேக்கு அடிச்சாக. மூடையெல்லாம் பாக்கெட்டு ஆயிருச்சு. அவுகவுகளே எடுத்துக் கூடையில போட்டுக்கிட்டு வந்து பில் போட்டுக்கணும். மொத ஒரு மாசம் ஊரே வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து, "யாரு எடுத்துக் குடுப்பா?"ன்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

கடையப் பாத்துக்கிறதுக்குப் பெரியவுக தன் மருமகளக் கொண்டு வந்து ஒக்கார வச்சாக. நூர்ஜகான். கம்பத்துப் பொண்ணு, பி.காம் படிச்சவுக, வயசு இருவத்தஞ்சு. எனக்கு அப்ப அம்பது. என்னையக் கடைக்குள்ள சுத்திப் பாத்துக்கிற ஆளாப் போட்டாக. இந்தப் பச்சப்புள்ளைக்கிட்ட நான் போயி என்ன ஏதுன்னு கேட்டு நிக்கணுமான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே எரிச்சல். ஒரு வாரம்கூட அது நிக்கல. நூரம்மா வேலை பாக்குற தினுச ஒருக்கா பாத்துட்டா வாயப் பொத்திக்கத்தேன் தோணும்.

சத்தம் போட்டுப் பேசவே மாட்டாக. கோவம் வந்தா முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, மேசையில இருக்குற பேனாவ நேரா வைப்பாக. நாங்க அந்தப் பேனாவப் பாத்துத்தேன் நடந்துக்கிருவோம். மொத நாளே எங்க எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாக: "திருட்டுங்கிற வார்த்தை இந்தக் கடைக்குள்ள வரக் கூடாது. உள்ள வந்துருச்சுன்னா பெறகு யாராலயும் அத வெளிய அனுப்ப முடியாது."

"அப்ப யாராச்சும் பிரிச்சுத் தின்னா?"ன்னு கேட்டேன் நான். எனக்குத்தேன் வாயி சும்மா இருக்காதே!

"திங்கட்டும் பாண்டியக்கா. பசிக்கும், புள்ள அழுகும், ருசி எப்படின்னு சந்தேகம் வரும். காசு குடுக்குற எடம் வாசல்ல இருக்கு. அவுக இன்னும் வாசலுக்கே வரல, அதுக்குள்ள நம்மளா ஏன் முடிவு பண்ணணும்?"

அதுக்கு ஒரு மொறை போட்டுக் குடுத்தாக. ஒருத்தர் ரேக்கு நடுவுல நின்னு பிஸ்கட்டப் பிரிச்சுட்டாகன்னு வையி. பின்னாடியே போகக் கூடாது. பாக்காத மாதிரி பாக்கவும் கூடாது, அது அதவிட அசிங்கம்பாக. ஒரு காலிக் கூடைய எடுத்துக்கிட்டு எதுக்க நேரா போகணும். "கூடை வேணுமா?"ன்னு மட்டும் கேக்கணும். பேச்சுல பிஸ்கட்டே வரக் கூடாது. கூடை கைக்கு வந்துருச்சுன்னா பாதி தின்ன பாக்கெட்டும் தன்னால அதுல விழுந்துரும்.

பில் போடுற எடத்துலயும் ஒரு பக்குவம் உண்டு. காலிக் கவர நீட்டுனாகன்னா முழுப் பாக்கெட்ட வாங்குற மாதிரியே வாங்கணும். கசக்கக் கூடாது, ரெண்டு விரல்ல எச்சியத் தூக்குற மாதிரி தூக்கக் கூடாது. கோடு போட்டிருக்குற பக்கத்த நீவி விட்டு மிஷின்ல காட்டணும். டிக்குன்னு சத்தம் வந்ததும் சாமானோட சாமானா அடுத்ததப் பாக்கணும். சிரிப்பு வந்தாலும் சிரிக்கக் கூடாது. கடைசியா, "வேற ஏதாச்சும் உண்டா?"ன்னு ஒருக்கா கேக்கணும். ஒருக்காத்தேன். ரெண்டாந்தரம் கேட்டா அது கடைக்காரி கேக்குற கேள்வி இல்ல, போலீசு கேக்குற கேள்விம்பாக நூரம்மா.

நிறுத்து விக்கிற பழத்துக்கு மட்டும் தனி மொறை. ஒண்ணு ருசி பாக்கலாம். கொத்தோட எடுத்து ஆய ஆரம்பிச்சா, "நிறுத்துத் தந்துரட்டுமாண்ணே, பெறகு நிம்மதியாச் சாப்புடலாம்"னு சொல்லணும். ஓடைப்பட்டியில திராட்சைத் தோட்டம் வச்சிருக்குறவர் ஒருத்தர் வருவாரு. தொங்குமீசை. "எங்க ஊருப் பழத்துக்கு எனக்கே தராசு காட்டுறீகளா?"ன்னு ஒரு நாளு எகிறுனாரு. நூரம்மா அசரல. "நீங்க ஒண்ணு தின்னு பாத்துச் சொல்லுங்கண்ணே, ஒங்க ஊருப் பழந்தானான்னு"ன்னு சொன்னாக. அவரு ஒண்ணு வாயில போட்டாரு. மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! "ச்சை, எங்க ஊருக்காரன் இத வித்திருக்க மாட்டான்"ன்னுட்டு ரவைப் பாக்கெட்டு ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாளு நூரம்மா பழம் போடுற ஆளையே மாத்திட்டாக.

அந்த வருசம் நோன்பு மாசத்துல நடந்ததையும் சொல்லணும். சாயங்காலம் பில் போட நல்ல கூட்டம். கடைசியில ஒரு ஆட்டோக்காரர், கையில பேரீச்சம்பழப் பாக்கெட்டு ஒண்ணே ஒண்ணு. அவருக்கு முன்னாடி ஆறு பேரு. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல ஆரம்பிச்சுட்டாக. மனுசன் பாக்கெட்டப் பாக்குறாரு, வரிசையப் பாக்குறாரு, பிரிக்க மாட்டேங்கிறாரு. நான் போயி, "பாய், ஒண்ணப் பிரிச்சு வாயில போடுங்க, நோன்பத் தொறங்க. எங்கன ஓடிறப் போறீக?"ன்னேன்.

"இது இன்னும் என்னுது ஆகலையேக்கா"ன்னாரு. கோவமா இல்ல, சும்மா சாதாரணமாச் சொன்னாரு.

முன்னாடி நின்ன பொம்பளைக்கு அது காதுல விழுந்துருச்சு. அந்தம்மா ஒதுங்குச்சு. அடுத்து நின்னவரு ஒதுங்குனாரு. ஒவ்வொருத்தரா ஒதுங்கி, பாதி பில் போட்டுக்கிட்டு நின்ன அம்மாகூட எண்ணெய் டின்ன எடுத்து ஓரமா வச்சுட்டு, "மொதல்ல அவருக்குப் போடு"ன்னு சொல்லிருச்சு. அதுக்குள்ள நூரம்மா தன்னோட டிபன் டப்பாவத் தொறந்துக்கிட்டு ஓடி வந்தாக. "பாய், இது நான் வீட்டுல இருந்து கொண்டு வந்தது. எடுத்துக்கங்க"ன்னு நீட்டுனாக. அவரு ஒரு பழத்த எடுத்தாரு, அவுக ஒண்ண எடுத்தாக. நின்ன நெலையில ரெண்டு பேரும் நோன்பத் தொறந்தாக.

மறுநாளு காலையில கடை தொறந்ததும் மொத பில்லு நூரம்மாவுக்கு. பேரீச்சம்பழம் ரெண்டு பாக்கெட்டு. காசு குடுத்து வாங்கி, ஒரு கிண்ணத்துல போட்டுச் சாயங்காலம் பில் மேசையில வச்சாக. "கடை குடுக்குறதுன்னு சொல்லாதீக. நூர்ஜகான் வாங்கி வச்சதுன்னு சொல்லுங்க, அப்பத்தேன் தயங்காம எடுப்பாக"ன்னு எங்களுக்குச் சொல்லி வச்சாக. அந்த மாசம் பூராவும் அந்தக் கிண்ணம் அங்கன இருந்துச்சு. என்னா மனசு, என்னா யோசனைன்னு நான் வீட்டுல போயி எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

இம்புட்டும் பாத்தவதேன் நான். பாத்து என்ன? கண்ணும் கையும் பழசுதேன்.

அடுத்த வருசம் மழைக் காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. மேகமலை எஸ்டேட்டுல சம்பளம் போட்ட வாரம். மாசாமாசம் அந்த ஞாயித்துக்கிழமை, எஸ்டேட்டுல வரிசையாக் கட்டி விட்டிருக்குற லைன் வீட்டு ஆளுக ஜீப்புல எறங்கி வருவாக. ரோடா அது? பாறையில போட்ட பள்ளம். எறங்கி வந்து சேர்றதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துரும். அதுல ஒரு அம்மா எப்பவும் ரெண்டு கூடை நெறையச் சாமான் எடுக்கும். எறங்கி வர முடியாத எட்டு வீட்டுக்காரவுக, முடியாதவுக, கைப்புள்ளைக்காரிக, அந்தம்மாகிட்டத்தேன் சாமான் எழுதுன சீட்டும் காசும் குடுத்து விடுவாக. வேலம்மான்னு பேரு. அப்ப எனக்குப் பேரெல்லாம் தெரியாது. மலைக்காரம்மான்னு சொல்லுவோம். என்னைய விட அஞ்சாறு வயசு மூப்பு இருக்கும்.

அன்னைக்குக் கடையில கால் வைக்க எடமில்ல. நான் சோப்பு ரேக்குப் பக்கம் திரும்புறேன், அந்தம்மா செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்குது. ரெண்டு கூடையும் காலடியில. தோளு அசையுறதப் பாத்தா வாயில ஏதோ மெல்லுதுன்னு தெரியுது. சரி, திங்கட்டும்னு நூரம்மா மொறைப்படி கூடைய எடுத்துட்டுப் போகலாம்னா, அதுக்குத்தேன் ஏற்கெனவே ரெண்டு கூடை இருக்கே! என்ன பண்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்கையில, அந்தம்மா கை மெதுவா இடுப்புக்குப் போச்சு. சேலை மடிப்ப விலக்கி எதையோ உள்ள செருகுச்சு.

அம்புட்டுத்தேன். ஆறு வருசத்துப் பழக்கம் என்னையத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. "ஏத்தா, நில்லு! மடியில என்ன?"ன்னு கத்திட்டேன். கத்துனதோட நின்னேனா? கையப் புடிச்சு இழுத்தேன். "தின்னுட்டு ஒளிக்கிறியா? திருடி!"ன்னேன். ஆமா, அந்த வார்த்தையச் சொன்னேன். எழுதுறதுக்கே கை கூசுது.

மடிப்பு அவுந்து கீழ விழுந்தது ஒரு பன்னுக் கவரு. நாலா மடிச்சு வச்ச காலிக் கவரு. அதோட ஒரு மாத்திரை அட்டை. வேற ஒண்ணும் இல்ல.

அந்தம்மா குனிஞ்சு கவர எடுத்துச்சு, நீவி விட்டுச்சு. நேரா பில் போடுற எடத்துக்குப் போயி, "இதுக்குப் போடு தாயி"ன்னு சொல்லிச் சில்லறையக் குடுத்துச்சு. கூடை ரெண்டையும் தொடல. அப்படியே வெளிய போயிருச்சு. கூட வந்தவுகளும் ஒவ்வொருத்தரா கூடைய அங்கங்க எறக்கி வச்சுட்டுப் பின்னாடியே போனாக. வாசலத் தாண்டும்போது ஒருத்தி இன்னொருத்திகிட்ட மெதுவாச் சொன்னது என் காதுல விழுந்துச்சு: "போன மாசம் நான் வரல, இவ வாங்கியாந்த சீனி கொறையா இருந்த மாதிரி இருந்துச்சுடி. இவகிட்டப் போயி எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

நான் ஒரு பன்னுக்கு வஞ்சேன். மலையில அந்தம்மாவ நம்பி எட்டு வீடு சீட்டுக் குடுக்குது. அந்த நம்பிக்கைய நான் சோப்பு ரேக்குப் பக்கத்துல போட்டு ஒடச்சுட்டேன். அந்தப் பேச்சு அந்தம்மாவுக்கு முன்னாடியே ஜீப்புல ஏறி ஒக்காந்திருச்சு.

நூரம்மா குடோன்ல இருந்து வந்தாக. என்னைய வையுவாகன்னு நெனச்சேன். வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். "வாங்க பாண்டியக்கா. நீங்க எங்கன நின்னீக? அவுக எங்கன நின்னாக?"ன்னு கேட்டு, அந்த எடத்துல தான் போயி நின்னாக. செவுத்தப் பாத்து நின்னாக. கையில ஒரு காலிக் கவர வச்சுக்கிட்டு, கீழ பாத்தாக, ரேக்கப் பாத்தாக. என் பக்கம் திரும்பி, "இந்தக் கவர நான் எங்க வைக்கணும், சொல்லுங்க"ன்னாக.

கூட்டுன தரையில போட்டா வஞ்சிருப்பேன். ரேக்குல செருகுனா அதவிட வஞ்சிருப்பேன்.

"அதுக்கு நம்ம ஒரு எடம் குடுக்கல. அது என் தப்பு"ன்னாக நூரம்மா. மேசைக்குப் போயி பேனாவ நேரா வச்சாக. "ஆனா நீங்க சொன்ன வார்த்தைக்கு நான் எடம் தேட முடியாதுக்கா. அது எங்க போயிருக்கோ, அங்கன போயி நீங்கதேன் திருப்பி எடுக்கணும்."

சாயங்காலம் பெரியவுக வந்தாக. விசயத்தக் கேட்டதும், "பாண்டியம்மாவ நிப்பாட்டிரு"ன்னுட்டாக. அந்தச் சட்டத்தச் சொல்லிக் குடுத்ததே அவுகதேன், இருந்தாலும் நான் வாயத் தொறக்கல. நூரம்மாதேன் பேசுனாக. "நிப்பாட்டுனா நம்ம கடைக்கு நல்ல பேரு மாமா. அந்தம்மாவுக்கு என்ன கெடைக்கும்?" பெரியவுக கொஞ்ச நேரம் தாடியத் தடவிக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அன்னைக்கு எனக்கு வேலை போகாமத் தப்புச்சு. ஆனா வேலை தப்புனதுல எனக்கு ஒரு பொட்டு சந்தோசம் இல்ல, சாமி சத்தியமா.

எட்டு வீட்டுச் சீட்டும் கூடையிலயே கெடந்துச்சு. நூரம்மா ஒக்காந்து ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனிப் பை போட்டாக, மேல சீட்டக் குத்துனாக. அடுத்த ஞாயித்துக்கிழமை கடையத் தன் வீட்டுக்காரர் பொறுப்புல விட்டுட்டு, என்னைய ஏத்திக்கிட்டு ஜீப்புல கெளம்பிட்டாக. அந்த ரோட்டுல அன்னைக்குத்தேன் நான் மொத மொதலாப் போனேன். மூணு எடத்துல ஜீப்ப நிப்பாட்டி வாந்தி எடுத்தேன். காலையில குடிச்ச காப்பித்தண்ணிகூட மிச்சமில்ல. வயித்துல ஒண்ணுமில்லாம தல கிறுகிறுன்னு சுத்துனப்பத்தேன், செவுத்தப் பாத்து நின்னு பன்னு தின்ன அந்த ஒடம்பு என்ன பாடு பட்டிருக்கும்னு எனக்கு ஒறைச்சுச்சு.

லைன் வீட்டு முன்னாடி ஜீப்பு நின்னதும் பொம்பளைகெல்லாம் வெளிய வந்துட்டாக. யாரும் கிட்ட வரல. வேலம்மாக்கா அவுக வீட்டு வாசல்ல நின்னாக. நூரம்மா போயி சலாம் வைக்கிற மாதிரி நெஞ்சுல கைய வச்சு, "உள்ள வரலாமாம்மா?"ன்னு கேட்டாக. நான் பின்னாடியே போயி, எல்லாரும் கேக்குற மாதிரி, "அம்மா, நான் அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"இரு"ன்னு கையக் காட்டுனாக வேலம்மாக்கா. "ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எத்தன தரம் வாந்தி எடுத்த?"

"மூணு தரம்மா."

"மொதல்ல வயித்துக்கு ஏதாச்சும் போடு. பேசுறத பெறகு பேசு."

எஸ்டேட்டுக் கடையில பன்னு வாங்கியாரச் சொல்லி ஒரு புள்ளய வெரட்டுனாக. எனக்கும் நூரம்மாவுக்கும் ஆளுக்கொரு பன்னு, ஒரு டம்ளர் பாலில்லாத கட்டஞ்சாயா. தின்ன மாட்டேன்னு சொல்ல எனக்கு மொகமில்ல. ஒரு கையில டம்ளரப் புடிச்சுக்கிட்டு, பல்லால கவரப் பிச்சுத் தின்னேன். ஆத்தாடி, அம்புட்டுப் பசி! நாலு வாயில பன்னு முடிஞ்சு போச்சு. சாயாவையும் குடிச்சேன். வயிறு கொஞ்சம் அடங்குச்சு.

இப்பக் கையில காலிக் கவரு. தரைய அன்னைக்குக் காலையிலதேன் சாணி போட்டு மொழுகியிருக்காக, பளபளன்னு கெடக்கு. அதுல எப்படிப் போட? வெளிய எறியலாம்னா எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக. ஒண்ணும் யோசிக்கல நான். கவர மடிச்சேன். கை தன்னால இடுப்புக்குப் போயிருச்சு.

"ஏத்தா, நில்லு! மடியில என்ன?"

வேலம்மாக்காதேன். என் வார்த்தை, என் தொனி, ஒரு பிசகு இல்ல. மடியில இருந்து கவர எடுத்துக் காட்டுனேன். "எங்கன போடுறதுன்னு தெரியலம்மா"ன்னேன். சின்னப் புள்ள மாதிரி அழுகை வந்துருச்சு.

"எனக்கும் அன்னைக்கு அதுதேன் தெரியல"ன்னாக.

பெறகு அவுகளே சொன்னாக: "ரெண்டு கூடையும் எட்டு வீட்டுச் சாமான். பன்னு யாரு சீட்டுலயும் கெடையாது, அது என் வயித்துக்கு. மாத்திரைக்கு முன்னாடி ஏதாச்சும் திங்கணும்ல. அடுத்தவுக சாமானோட என்னுது கலந்துறக் கூடாதேன்னுதேன் மடியில வச்சேன்."

நூரம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாக. நான் எந்திரிச்சு வாசல்ல போயி நின்னேன். நின்ன பொம்பளைக எல்லாரையும் பாத்துச் சொன்னேன். "நல்லாக் கேட்டுக்கங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. இந்தம்மா காசு குடுக்குறதுக்காகக் கவரப் பத்திரமா வச்சிருந்தாக. ஒங்க சாமான்ல ஒரு கடுகு இவுக கையில ஒட்டாது. அவசரப்பட்டு வாய விட்டவ நாந்தேன். தப்பு பூராவும் என்னுது." கும்புட்டேன். காலுல விழப் போனேன், வேலம்மாக்கா தோளப் புடிச்சு நிப்பாட்டிட்டாக. "போதும், போதும். பன்னு வெளிய வந்துறப் போகுது"ன்னாக. அப்பத்தேன் எல்லாரும் சிரிச்சாக.

நூரம்மா எட்டுப் பையையும் எறக்குனாக, ஒவ்வொண்ணாக் குடுத்தாக. காச வாங்கிக்கிட்டாக, ஓசின்னா அந்தப் பொம்பளைக வாங்க மாட்டாகன்னு அவுகளுக்குத் தெரியும். கெளம்புற நேரத்துல, கடைவாசல்ல சீனிப் பேச்சுப் பேசுன பொம்பளை கூட்டத்த விலக்கிட்டு முன்னாடி வந்துச்சு. கையில ஒரு துண்டுச் சீட்டு. என்னையப் பாக்கல, வேலம்மாக்காவப் பாத்து நீட்டுச்சு. "அடுத்த மாசத்துக்குக்கா. புளி அரைக்கிலோ சேத்து எழுதிருக்கேன்"ன்னுச்சு. வேலம்மாக்கா வாங்கி மடிச்சாக. மடியில வச்சுக்கிட்டாக.

கீழ எறங்கி வந்த மறுநாளு காலையில பாத்திரக் கடைக்குப் போயி நான் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்குனேன். கடைச் செலவுல வாங்குறேன்னு சொன்னாக நூரம்மா, நான் விடல. பில் மேசையில வச்சோம். ஒவ்வொரு ரேக்கு முனையிலயும் ஒரு சின்னத் தட்டு வேற வச்சாக நூரம்மா. "தின்ன கவர இதுல வைங்க, வரும்போது எடுத்துட்டு வாங்க"ன்னு வர்றவுகளுக்கு வாயாலயே சொல்லிக் குடுத்தோம். போர்டெல்லாம் எழுதல. ரேக்குத் தட்டெல்லாம் நாளடைவுல நசுங்கிப் போயிருச்சு. மேசைத் தட்டுத்தேன் நிக்குது.

நூரம்மா இப்பத் தேனியில புதுக் கடையப் பாத்துக்கிறாக. புது மேனேஜருக்குக் கேமராதேன் பெருசு. மாட்டட்டும், வேண்டாங்கல. ஆனா கவிதா, கேமராவுல பாத்தாலும் கை மடிக்குப் போறதுதேன் தெரியும். மடியில என்ன இருக்குன்னு அதுக்கு எங்க தெரியப் போகுது? தட்ட எடுத்துறாத.

மலைக்குப் போயிட்டு வந்த அடுத்த சம்பள ஞாயித்துக்கிழமை நான் காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். பதினொரு மணிக்கு ஜீப்பு வந்துச்சு. வேலம்மாக்கா எறங்குனாக. கையில ஒம்பது சீட்டு, ஒண்ணு கூடியிருக்கு. உள்ள வந்து மொத வேலையா ஒரு பன்ன எடுத்தாக. சோப்பு ரேக்குக்குப் போனாக, அதே எடத்துல நின்னாக. கவரப் பிரிச்சுச் சாவகாசமாத் தின்னாக. மாத்திரையப் போட்டுக்கிட்டாக. நான் தண்ணி கொண்டு போயிக் குடுத்தேன், வாங்கிக் குடிச்சாக. பெறகு கவர எடுத்துட்டு வந்து தட்டுல வச்சுட்டு, கூடைய எடுக்கப் போனாக.

அன்னைக்கு அவுக செவுத்தப் பாத்து நிக்கல. எங்க எல்லாரையும் பாத்துத்தேன் நின்னு தின்னாக.